"இது கிளாஸா, சந்தையா?" - பதில் சொல்லும் குழந்தையும், பயிற்சி கிடைக்காத டீச்சரும்!

வகுப்பில் ஒரே சத்தம். உள்ளே நுழைந்த டீச்சர் மேஜையைத் தட்டி, "இது கிளாஸா, சந்தையா?" என்று அதட்டுகிறார். நாற்பது பிள்ளைகளும் கப்சிப். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் நிதானமாக வருகிறது.

"கிளாஸ், மிஸ்."

வகுப்பே சிரிக்கிறது. டீச்சருக்குக் கோபம் தலைக்கேறுகிறது. "எதிர்த்தாப் பேசுற?" என்று அடுத்த கேள்வி. அதற்கும் அந்தப் பையன் "இல்ல மிஸ்" என்கிறான். அவ்வளவுதான், பீரியட் முடியும்வரை வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இது கற்பனைக் காட்சி. ஆனால், ஆட்டிசம் உள்ள குழந்தை படிக்கிற எந்த வகுப்பிலும் நடக்கக்கூடியது. அந்தப் பையன் கிண்டல் செய்யவில்லை. கேள்வி கேட்டார்கள், தெரிந்த பதிலைச் சொன்னான். கேள்விக்குள் ஒளிந்திருக்கும் 'சத்தம் போடாதே' என்ற உத்தரவு அவனுக்குக் கேட்கவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்குச் சொல்லின் நேரடி அர்த்தம் மட்டுமே போய்ச் சேரும் என்பது டீச்சருக்குத் தெரிந்திருந்தால், அவர் "எல்லாரும் அமைதியா உட்காருங்க" என்று சொல்லியிருப்பார். மூன்றே வார்த்தைகள். இதை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

கேள்வியை அரக்கோணம், திருத்தணிப் பக்கம் வைத்துப் பார்ப்போம். ஒரு காரணம் இருக்கிறது. செப்டம்பர் 5-ம் தேதியை 1962-ம் ஆண்டிலிருந்து நாடே ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. அந்தத் தேதிக்குச் சொந்தக்காரரான டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-ம் ஆண்டு பிறந்தது திருத்தணியில்தான். ஆசிரியருக்கு மாலை போடுவதில் இந்தப் பகுதிக்குக் குறையே இல்லை. அந்த ஆசிரியருக்கு என்ன கற்றுக்கொடுக்கிறோம்?

ஆயிரம் பேரில் எட்டுப் பேர்

ஆட்டிசம் என்பது நோயல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. மருந்து கொடுத்து 'சரி' செய்கிற விஷயமும் அல்ல. பேசுவது, பழகுவது, ஒலி, ஒளி, தொடுதல், வாசனை ஆகியவற்றை உணர்வது எல்லாமே இவர்களுக்குக் கொஞ்சம் வேறு மாதிரி. ஒருவருக்குப் பேச்சே வராது. இன்னொருவர் ரயில் டைம் டேபிளை மனப்பாடமாக ஒப்பிப்பார். இரண்டும் ஆட்டிசம்தான்.

உலக அளவில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அந்தக் கணக்குப்படி, 1,000 பேர் படிக்கும் பள்ளியில் சுமார் எட்டுப் பேர். 'எங்கள் ஸ்கூலில் அப்படி யாரும் இல்லையே' என்று ஒரு பள்ளி சொன்னால், இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்கும். அந்தக் குழந்தைகளைப் பள்ளி அடையாளம் காணவில்லை. அல்லது, அவர்கள் பள்ளிக்கே வரவில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசம் பற்றி 1943-ம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். நம் சட்டத்துக்கு அது வந்து சேரத் தாமதமானது. 1995-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன. அதில் ஆட்டிசம் கிடையாது. 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம் கிடைத்தது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக்கியபோதுதான் ஆட்டிசமும் அதில் முழுமையாகச் சேர்ந்தது.

இப்போது டீச்சர் பக்கம் வருவோம். பி.எட் படிப்பு இரண்டு ஆண்டுகளாக மாறி, எல்லாக் குழந்தைகளையும் உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குவது பற்றி ஒரு தனிப் பாடம் வந்தது, தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் 2014-ம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகுதான். அதற்கு முன் படித்து வேலைக்கு வந்தவர்கள் இன்னும் பல ஆண்டுகள் பணியில் இருப்பார்கள். அவர்களில் பலர் தங்கள் பயிற்சிக் காலத்தில் 'ஆட்டிசம்' என்ற சொல்லைக் கேட்டிருக்க வாய்ப்பே குறைவு. டீச்சரைக் குறை சொல்லி ஒரு கட்டுரை எழுதிவிடுவது சுலபம். ஆனால், சொல்லித்தராத பாடத்தில் பரீட்சை வைத்துவிட்டு, ஃபெயில் என்று மார்க் போடுவதற்கு அது சமம்.

ஒரு நாள் பயிற்சி, ஒரு டீ, ஒரு சர்ட்டிஃபிகேட்

பயிற்சியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மத்திய அரசின் 'நிஷ்தா' திட்டம் 2019-ல் தொடங்கியது. கொரோனா காலத்தில் அது ஆன்லைனுக்குப் போய், 'தீக்‌ஷா' தளத்தில் வீடியோ பாடங்களாக வந்தது. அதிலும் உள்ளடக்கிய கல்வி ஒரு பகுதி. வட்டார வள மையங்களிலும் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. குழந்தைகளிடம் உள்ள குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கவனிக்க, ஆசிரியர்களுக்காகவே பள்ளிக் கல்வித் துறை கொண்டுவந்த 'நலம் நாடி' செயலி இருக்கிறது. தேசிய அளவில் என்.சி.இ.ஆர்.டி-யின் 'பிரஷஸ்த்' செயலியும் அதே வேலையைச் செய்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். செயலியில் டிக் அடிப்பதால் ஆட்டிசம் உறுதியாகிவிடாது. ஆசிரியரின் வேலை, கவனித்துக் குறித்து, அடுத்த கட்டத்துக்கு அனுப்புவது. சான்றிதழுக்கான மதிப்பீட்டில் 40 அம்சங்கள் கொண்ட இந்திய ஆட்டிசம் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அதைச் செய்ய மருத்துவர்களும் உளவியலாளர்களும் இருக்கிறார்கள்.

சிக்கல், அதற்குப் பிறகு. பெயரைப் பதிவு செய்தாயிற்று, சான்றிதழும் வந்தாயிற்று. திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அதே வகுப்பில், அதே நாற்பது பேருடன், அதே டீச்சர். இப்போது என்ன செய்வது?

ஒரு நாள் உரை கேட்டதால் ஆசிரியரின் வகுப்பறை மாறிவிடாது என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்கக் கல்வியாளர்கள் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980-களிலேயே இதை எழுதினார்கள். விளக்கிச் சொல்ல வேண்டும், செய்து காட்ட வேண்டும், செய்து பார்க்கவிட வேண்டும். அதன் பிறகு வகுப்புக்கே வந்து ஒருவர் கூட நிற்க வேண்டும். கடைசியில் சொன்னது இல்லையென்றால் முன்னால் செய்ததெல்லாம் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிடும் என்பது அவர்கள் வாதம். சைக்கிள் ஓட்டக் கற்ற எவருக்கும் இது புரியும். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடிவர ஒருவர் வேண்டும்.

ஆட்டிசத்துக்கென்றே இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் லிசா ரூபிள் குழுவினர் உருவாக்கிய 'காம்பஸ்' முறையில், முதலில் பெற்றோர், ஆசிரியர், ஆலோசகர் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து, குறிப்பிட்ட அந்தக் குழந்தைக்கு இந்த வருடம் எட்ட வேண்டிய சில இலக்குகளை முடிவு செய்கிறார்கள். பிறகு ஆண்டு முழுக்க இடைவெளி விட்டு நான்கு முறை ஆலோசகர் ஆசிரியருடன் பேசுகிறார். இந்த ஆதரவு கிடைத்த ஆசிரியர்களின் மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக முன்னேறினார்கள். 2013-ல் வெளியான ஆய்வில், நேரில் பேசியவர்களுக்கு மட்டுமல்ல, இணைய வீடியோ வழியாகப் பேசியவர்களுக்கும் நல்ல பலன் கிடைத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரக்கோணத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

என்னதான் கற்றுக்கொள்ள வேண்டும்?

பெரிய தத்துவம் எதுவும் இல்லை. சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் யாராவது சொன்னால்தான் தெரியும்.

முதலில் பேச்சு. தமிழ் வகுப்பறையே மறைபொருளில்தான் ஓடுகிறது. "கொஞ்சம் காது குடு", "வாயில என்ன கொழுக்கட்டையா?", "உன் வேலையப் பாரு". ஆட்டிசம் உள்ள குழந்தை கொழுக்கட்டை விசாரணைக்கு நேர்மையாக "இல்ல" என்று பதில் சொல்லும். அதற்கு அடி விழுந்தால் குழந்தைக்குக் காரணமே புரியாது. (அடிப்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படியே தடை செய்யப்பட்டது என்பது வேறு விஷயம்.) கேள்வி கேட்டுவிட்டு உடனே அடுத்தவரிடம் தாவாமல், மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருப்பதும் ஒரு பயிற்சிதான். பதில் தெரிந்தும் வெளியே வர நேரமாகும் குழந்தைகள் இவர்கள்.

சில குழந்தைகள், "உன் பேர் என்ன?" என்றால் "உன் பேர் என்ன?" என்று திருப்பிச் சொல்வார்கள். தாகம் எடுத்தால், "உனக்குத் தண்ணி வேணுமா?" என்பார்கள். அம்மா அப்படித்தானே கேட்டு, பிறகு தண்ணீர் கொடுத்தார்? கேட்ட வாக்கியத்தை அப்படியே எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். தெரியாத டீச்சர் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். தெரிந்தவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்து, "எனக்குத் தண்ணி வேணும்" என்று குழந்தை சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொல்லிக் காட்டுவார்.

அடுத்தது, படம். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் 1970-களில் வளர்த்தெடுத்த 'டீச்' முறையின் அடிப்படையே இதுதான். இன்று என்னென்ன நடக்கும் என்பதை வரிசையாகப் படங்களாகக் காட்டிவிட வேண்டும். பிரேயர், தமிழ், கணக்கு, சாப்பாடு, விளையாட்டு, வீடு. பழைய காலண்டர் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். பி.டி பீரியட் ரத்தானால் அந்தப் படத்தை எடுத்துவிட்டுக் காரணத்தையும் முன்கூட்டியே சொன்னால், கதறி அழும் ஒரு மதியத்தைத் தவிர்க்க வாய்ப்பு உண்டு.

மிச்சிகனைச் சேர்ந்த கேரல் கிரே 1990-களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய 'சமூகக் கதை'யும் எளிமையானதே. வரப்போகும் சூழ்நிலையைக் குழந்தையின் பார்வையில், சின்ன வாக்கியங்களில் எழுதித் தருவது. திருத்தணிக்கு ஏற்ற மாதிரி எழுதினால் இப்படி இருக்கும்: 'நாளை நாங்கள் மலைக்குப் போவோம். அங்கே எனக்கு மொட்டை அடிப்பார்கள். முதலில் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். கத்தி படும்போது கூச்சமாக இருக்கலாம். அப்பா என் கையைப் பிடித்துக்கொள்வார். முடிந்ததும் நான் குளிப்பேன். முடி திரும்ப வளரும்.' இதைத் தினமும் படித்துக்காட்டிய பிறகு போவதற்கும், திடீரென்று நான்கு பேர் பிடித்து உட்காரவைப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! அரையாண்டுத் தேர்வு, ஆண்டு விழா, தடுப்பூசி நாள் என்று பள்ளியில் எதற்கும் இதேபோல் ஒன்று எழுதலாம்.

பிறகு, உடம்பு. அரக்கோணம் பெரிய ரயில்வே ஜங்ஷன். ஊருக்குப் பக்கத்திலேயே கடற்படையின் ராஜாளி விமான தளம் 1992-லிருந்து இயங்குகிறது. ரயிலும் விமானமும் ஊர்க்காரர்களுக்குப் பழகிய சத்தம். ஆனால் ஒலி தாங்காத குழந்தைக்கு அது ஊசி குத்துவது போல இருக்கலாம். காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போனால் அது அடம் அல்ல, தப்பித்தல். சத்துணவில் முட்டை வாசனை சேராமல் தட்டைத் தள்ளுவதும் அப்படித்தான். ஆகவே சத்துணவுக்கூடத்து அக்காவுக்கும், பள்ளி வேன் டிரைவர் அண்ணனுக்கும்கூட அரை மணி நேரப் பயிற்சி தேவை என்பது என் கட்சி. குழந்தை முதலில் பார்க்கும் முகம் டிரைவர் முகம்தானே!

ஒரு குழந்தை அடித்தால், கடித்தால், ஓடினால்? அதற்கு முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன்பின் என்ன கிடைத்தது என்று ஒரு வாரம் மூன்று பத்தியாகக் குறித்துவைத்தால், பெரும்பாலும் காரணம் வெளியே வந்துவிடும். கணக்குப் பீரியடில் மட்டும் கத்துகிறான், கத்தினால் வெளியே அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குக் கிடைக்கும் பாடம், 'கத்தினால் கணக்கிலிருந்து தப்பிக்கலாம்'. அவன் கையில் 'பிரேக் வேண்டும்' என்று ஒரு அட்டையைக் கொடுத்துப் பாருங்கள்.

பேச்சே வராத குழந்தைகளுக்குப் படங்களைத் தொட்டால் பேசும் 'ஆவாஸ்' செயலி இருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கு இல்லை. சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர், 'வித்யாசாகர்' அமைப்புடன் சேர்ந்து உருவாக்கியது. தமிழிலும் கிடைக்கிறது.

தெலுங்கை நிறுத்தணுமா?

இது எல்லைப் பகுதிக்கே உரிய கேள்வி. திருத்தணி 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதிதான் ஆந்திராவிலிருந்து நம் பக்கம் சேர்ந்தது. இன்றும் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கான்வென்ட்டில் இங்கிலீஷ் என்று வளரும் பிள்ளைகள் நிறைய. பேச்சு தாமதமானால் உடனே கிடைக்கும் அறிவுரை, "வீட்டுல தெலுங்க நிறுத்துங்க, குழந்தை குழம்புது."

நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில், இரண்டு மொழி கேட்டு வளர்வதால் கூடுதல் தாமதம் ஏற்படுவதாகத் தெரியவில்லை. தெலுங்கை நிறுத்தினால் நிஜமாக நிற்பது வேறு ஒன்று. பாட்டி குழந்தையோடு பேசுவதை நிறுத்திவிடுவார். தாலாட்டு நிற்கும். ஏற்கெனவே பேச ஆள் குறைவாக உள்ள குழந்தைக்கு இன்னும் ஓர் ஆள் குறையும். அம்மா தெலுங்கில் சொல்லும் பத்துச் சொற்களைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளும் டீச்சர் - நீள்ளு என்றால் தண்ணீர், அன்னம் என்றால் சோறு - அந்தக் குழந்தைக்கு வகுப்பில் ஒரு கதவைத் திறக்கிறார். எந்த ஊரில் பயிற்சி நடக்கிறதோ, அந்த ஊரின் மொழியும் அந்தப் பயிற்சிக்குள் வர வேண்டும்.

கூட நிற்பது யார்?

சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் கீழ், வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். டீச்சருக்குப் பின்னால் சைக்கிள் சீட்டைப் பிடிக்க வேண்டியவர்கள் இவர்களே. ஆனால் ஒருவரே பல பள்ளிகளைச் சுற்ற வேண்டும். பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளின் வீடுகளுக்கும் போக வேண்டும். தொகுப்பூதிய வேலை வேறு.

உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில், சிறப்பாசிரியர்கள் விஷயத்தில் மத்திய அரசு விதிமுறை வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு வந்த கணக்கு இது: தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 மாணவர்களுக்கு ஒருவர், நடுநிலை வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர். 2025 மார்ச்சில் அதே வழக்கில், இதற்கான பணியிடங்களை உருவாக்கி அறிவிக்குமாறு மாநிலங்களுக்கும் உத்தரவு வந்தது. இதற்கு நடுவில் 2024-25-ம் ஆண்டில், பி.எம்.ஸ்ரீ பள்ளிகள் ஒப்பந்தம் தொடர்பான மோதலில் தமிழகத்துக்கு வர வேண்டிய சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது. யார் பக்கம் நியாயம் என்று டி.வி விவாதங்களில் பேசித் தீர்த்தார்கள். சிறப்புப் பயிற்றுநர்களுக்குச் சம்பளம் வருவதும் அந்தத் திட்டத்தின் கீழ்தான் என்பதைப் பேசியவர்கள் குறைவு.

தூரமும் ஒரு பிரச்னை. பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005-லிருந்து முட்டுக்காட்டில் இருக்கிறது. நல்ல நிறுவனம். ஆனால் அரக்கோணம் டீச்சர் ஒருவர் போக வேண்டுமென்றால் மின்சார ரயிலில் சென்ட்ரலுக்கு 69 கிலோமீட்டர், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு நீண்ட பஸ் பயணம். ஒரு நாள் போய் வரலாம். வாரா வாரம் முடியுமா? இந்த இடத்தில்தான் வீடியோ காலில் ஆலோசனை தந்த அந்த ஆய்வு ஞாபகத்துக்கு வருகிறது. மாதம் ஒரு முறை, முக்கால் மணி நேரம், ஒரே ஒரு குழந்தையைப் பற்றி மட்டும் பேச, சென்னையில் இருக்கும் நிபுணர் ஒருவர் போனில் கிடைத்தால் போதும். டீச்சர் கையில் ஸ்மார்ட்போன் ஏற்கெனவே இருக்கிறது. அதில் அவர் இப்போது பெரும்பாலும் விவரங்களை அப்லோடு செய்துகொண்டிருக்கிறார்.

இன்னொரு கூத்து, எல்லை. அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம், பக்கத்தில் உள்ள திருத்தணி திருவள்ளூர் மாவட்டம். சான்றிதழ், அடையாள அட்டை, உதவித்தொகை என்று அலையும் இரண்டு அம்மாக்கள் வெவ்வேறு ஊர்களுக்குப் போக வேண்டும்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

2016-ம் ஆண்டு சட்டத்தின் 16-வது பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். தனியார் பள்ளியும் இதில் அடக்கம். பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். "ஸ்பெஷல் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று வாய்மொழியாகச் சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

ஜூன் மாதம் புது டீச்சர் வரும்போது, அவருக்கு ஒரு பக்கத்தில் உங்கள் குழந்தையை அறிமுகப்படுத்துங்கள். எது பிடிக்கும், எந்தச் சத்தம் பிடிக்காது, பாத்ரூம் போக வேண்டும் என்பதை எப்படிக் காட்டுவான், அழுதால் எது அமைதிப்படுத்தும். டாக்டர் ஃபைலைவிட இது டீச்சருக்குச் சீக்கிரம் உதவும்.

அரசுப் பள்ளி என்றால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கண்டிப்பாகப் போங்கள். பொதுவாக 'ஏதாவது செய்யுங்க' என்றால் பொதுவாகவே பதில் வரும். மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள்: எங்கள் பள்ளிக்கு சிறப்புப் பயிற்றுநர் மாதத்தில் எத்தனை நாள் வருகிறார்? வரும் நாளில் குழந்தையைத் தனியே கூட்டிப்போய்ப் பாடம் நடத்துகிறாரா, அல்லது டீச்சரோடு வகுப்பிலும் உட்காருகிறாரா? வகுப்பு டீச்சருக்கு இதற்கான பயிற்சி கடைசியாக எப்போது கிடைத்தது? பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பதில் வரவில்லை என்றால், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.